தீராத சுடுதண்ணி

"டேங்க்கே இல்லாதது இன்னா கீசரு?" என்று நேற்று முழுக்கச் சண்டை போட்ட கணவன் சம்பத் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். திருப்போரூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிரபா, ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினாள்:

"ஏங்க, மீன் கொழம்பு கீது, சூடு பண்ணிக்குங்க. எலக்ட்ரீசியன் வருவாரு. டேங்க் இல்லாத கீசரே மாட்டச் சொல்லிட்டேன். வயரு தாங்குமான்னு அவரே பாத்துட்டாரு, நீங்க அவருக்குப் பாடம் எடுக்காதீங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"பழைய டேங்க்ல நான் குளிச்சதுமே சுடுதண்ணி தீந்துடும். 'எனக்குப் பச்சத்தண்ணிதான் புடிக்கும்'னு நீங்களும் தும்மிகினே வேலைக்குப் போவீங்க. இதுல தண்ணி தீராது. இனிமே அந்தப் பொய்யச் சொல்ல முடியாது, சார்."