பேனரில் உன் பெயர், டயருக்குள் டியூப்

அன்பு தோஸ்து சம்பத்துக்கு,

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. உன் முதலாண்டு நினைவுக்கு நம் சைக்கிள் கூட்டத்தார் எண்ணூர் நெடுஞ்சாலையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். உன் படத்துக்குக் கீழே, ‘டியூப் இல்லாமல் ஓட்டிக் காட்டியவர்’. படித்ததும் வயிறு எரிந்தது. செத்துப்போனவன்மேல் பொறாமைப்படலாமா?

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைத் தேடிப் பிடித்தது யார்? நான். கப்பல்காரர்கள் விட்டுப்போன பழைய மவுண்டன் பைக் இரண்டை வாங்கி, ராயபுரத்திலிருந்து கம்பெனிக்கு நாம் போய்வந்த காலம். டிரெய்லர்கள் உதிர்த்த கம்பித் துண்டுகளால் நாள் தவறாமல் பஞ்சர். ரிம்மிலுள்ள போக்ஸ் கம்பி ஓட்டைகளை டேப்பால் அடைத்து, டயருக்குள் ரப்பர் பால் ஊற்றினால் டியூபே வேண்டாம் என்று, பிரிண்ட் எடுத்துவந்த காகிதத்தைப் படித்துச் சொன்னேன். நீ சிரித்தாய்.

“இன்னா மாமு, காயிதத்துல காத்து நிக்கும். ரிம்முல நிக்குமா?”

என் சக்கரத்தில் நிற்கவில்லை. மூன்று முறை டேப் ஒட்டினேன். ஷிப்ட் முடிவதற்குள் தரையோடு தரை. நீ உன்னுடையதை லாரி பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய், ஒரே மூச்சில் காற்றடித்தாய். ‘டப்’பென்று டயர் ரிம்மில் ஏறி உட்கார்ந்தது. “கில்லாடிடா நீ!” என்று கடைக்காரர் உன்னைக் கட்டிக்கொண்டார். “ஐடியா இவருதுபா” என்று என்னைக் காட்டினாய். யார் காதில் விழுந்தது? எப்படிச் செய்தாய் என்று கேட்க என் படிப்பு விடவில்லை.

போன வாரம் உன் மனைவி உன் சைக்கிளைக் கொடுத்தார். “வூட்ல சும்மாதாண்ணே கீது. நீங்க ஓட்டுங்க.”

நான் ஓட்டவில்லை. டயரைக் கழற்றினேன். டேப் இல்லை. சின்னப் பிள்ளைகள் சைக்கிள் டியூப் ஒன்றை ரிம்மின்மேல் இழுத்து மாட்டி, நீளவாக்கில் பிளந்து, இரு ஓரத்தையும் வெளியே மடித்து, அதன்மேல் டயரை ஏற்றியிருந்தாய். என் காகிதத்தில் இது இல்லவே இல்லை.

பேனர் பொய் என்று ஊருக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த மடிப்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. ஓட்டையும் அடைபடுகிறது, தளர்ந்த டயரும் இறுகுகிறது. இதுவும் உனக்கேதான் தோன்ற வேண்டுமா? நான் வாழ்நாளெல்லாம் படித்தேனே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

என் சக்கரத்தையும் அப்படியே செய்யப்போகிறேன். யாராவது கேட்டால், பல்லைக் கடித்துக்கொண்டாவது உன் பெயரைச் சொல்வேன். இது சத்தியம்.

பேட்டைப் பத்திரிகையின் நினைவுப் பக்கத்துக்கு இதை அனுப்புகிறேன். கீழே என் பெயரை எழுதி, அடித்துவிட்டேன். இருந்தால், உன் பேனருக்குப் பக்கத்தில் நானும் ஒன்று கட்டியதாகிவிடும். பெயரில்லாமலே தபாலில் போகட்டும்.

நீ மாமு என்று கூப்பிட்டவன்