ஐந்து மணிக்கே இருட்டிய ஊர்

அண்ணா,

உன் கம்பளிக் கோட்டு இன்று மதியம் வந்து சேர்ந்தது. சாக்குத் துணியில் வைத்துத் தைத்த மூட்டை. கப்பலில் ஐந்து மாதம் வந்திருக்கிறது. அம்மா தையலைப் பிரிக்கும்போதே ஒரு வாசனை எழுந்தது. கரிப்புகையும், மழையில் நனைந்து காய்ந்த கம்பளியும் சேர்ந்த வாசனை. நம் ஊரில் எந்தப் பொருளுக்கும் அப்படி ஒரு வாசனை கிடையாது. அம்மா கோட்டை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் மோந்து பார்த்தாள். பிறகு, "இது என் புள்ள வாசனையே இல்லியே" என்று அழுதாள்.

கோட்டின் உள்பையில் ஒரு கடிதம் இருந்தது. உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த யோர்கோஸ் எழுதியது. அந்தக் கிரேக்க நாட்டுப் பையனைப் பற்றி நீ நிறைய எழுதியிருக்கிறாய். இங்கிலீஷில் எழுதியிருந்தான். நைனாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து உன் கடிதங்களையெல்லாம் நான்தானே படித்துச் சொல்வேன்? இதையும் நான்தான் படித்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். நடுவில் நான்கு வரிகளைச் சொல்லவில்லை.

அதனால்தான் இப்போது, எல்லோரும் தூங்கிய பிறகு, சிம்னி விளக்கைச் சமையல்கட்டு மூலையில் வைத்துக்கொண்டு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நான் நான்காம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரம் கழித்து வந்தேன். சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. சமணக் குடும்பம் ஆயிற்றே, நம் வீட்டில் மலைக்குப் பின்னால் சூரியன் மறைந்தால் சமையல் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று என்று அர்த்தம். பசியில் நான் அழுதேன். நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏ பத்மா, மலைக்கு இந்தாண்டதான் சூரியன் உழுந்துடுச்சி. அந்தாண்ட இன்னும் இருக்குது, வா" என்றாய். ஒரு தூக்கில் தயிர்ச்சாதத்தைப் போட்டுக்கொண்டு என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, கோட்டையைத் தாண்டித் திருவண்ணாமலை ரோட்டில் மூச்சு வாங்க மிதித்தாய். மலையைச் சுற்றி வந்ததும் முகத்தில் மஞ்சள் வெயில் அடித்தது. ஒரு மணிலாக்கொல்லை வரப்பில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். நீ சூரியனைப் பார்த்துக்கொண்டே, "சீக்கிரம் துன்னு, சீக்கிரம் துன்னு, இன்னும் ரெண்டு வெரல்தான் இருக்குது" என்று விரட்டினாய். வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் நீயே சொல்லிவிட்டாய். நைனா சிரித்தார். சூரியனைத் துரத்திக்கொண்டு போய்ச் சாப்பிட்டவன் தன் பிள்ளை என்று மண்டிக்கு வருகிற வியாபாரிகளிடமெல்லாம் சொன்னார்.

நீ ஜெர்மனிக்குப் போகும்போதும் நைனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படிப்பு வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். பொழுது போயி மட்டும் வாயில எதுவும் வெக்காத." நீ தலையாட்டினாய்.

என்னோடு நீ வேறு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டாய். நீல நிற ஏர்மெயில் காகிதத்தில் கடைசியாக ஒட்டுகிற மடிப்பு எனக்கு. அதை மட்டும் நான் சத்தமாகப் படிக்கக் கூடாது. "அது நம்ம ரெண்டு பேருக்கு, தெரிதா? நைனாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு நான் ஏமாத்துறதா நெனச்சிக்காத. ஒரு எடம் வேணும் எனக்கு" என்றாய். இரண்டு வருஷமாக நான் அதைக் காப்பாற்றினேன்.

கார்த்திகையில் நீ பாரிசுக்குப் போய்வந்தாய். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ரயிலேறி, ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த கதையை எழுதியிருந்தாய். அன்று மேல்சித்தாமூரிலிருந்து பெரியப்பாவும் வந்திருந்தார். எல்லோருக்கும் நடுவில் நான் படித்தேன். செஞ்சியிலிருந்து பட்டணம் போகிற நேரத்தில் மூன்று தேசங்களைத் தாண்டிவிட்டதாக எழுதியிருந்தாய். ராத்திரி எழுப்பி எழுப்பிப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்களாம். ஆற்றின் மேல் ஒரு பாலத்தைத் தாண்டுவதற்குள் அடுத்த பாலம் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த இரும்புக் கோபுரத்தில் யோர்கோஸ் பாதியில் உட்கார்ந்துவிட்டான், ராஜகிரி ஏறினவனுக்கு இதெல்லாம் ஒரு படியா என்று நீ மட்டும் ஏறினாய். நைனா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மகாபலிபுரம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். நைனா போகக்கூடாது என்றுவிட்டார். "ராத்திரி எங்க துன்னுவே? எல்லாரும் துன்னும்போது நீ மட்டும் சும்மா குந்தினு இருப்பியா?" நான் பட்டினி கிடக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

கடிதம் முடிந்ததும் நைனா பெரியப்பாவிடம் சொன்னார்: "பாத்தியா அண்ணே, எத்தினி தேசம் போனாலும் என் புள்ள பொழுதோட துன்னுட்டுப் படுத்துருவான். இத பாரு, இது மகாபலிபுரம் போவணுன்னு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சினு இருக்குது. இத நம்பி அனுப்ப முடியுமா?"

பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவன் மாதிரி நீ இருந்து காட்டு, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

உன் மடிப்பை நான் அதற்கு முன்பே மனதுக்குள் படித்துவிட்டிருந்தேன். எனக்குள் ஏதோ சுர்ரென்று ஏறியது. "அவுரு மட்டும் இன்னாவாம்?" என்று கத்திவிட்டு அதைச் சத்தமாகப் படித்தேன்.

அந்த ஊரில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, பத்மா. காலையில் சாப்பிட்ட ரொட்டிதான். மழையில் நடந்து நடந்து ஒரு பாலத்தின் மேல் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் ரொட்டியும் சூடான சூப்பும் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டேன். அதில் என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. லீவுக்கு வரும்போது நைனாவிடம் நானே சொல்கிறேன். அதுவரை நீ வைத்துக்கொள்.

பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம் அண்ணா. நைனாவின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகும் கடைசி வரி வரை படித்தேன். 'அதுவரை நீ வைத்துக்கொள்' என்பதையும் படித்தேன்.

பெரியப்பா எழுந்து செருப்பைத் தேடினார். நைனா என்னை ஏர்மெயில் காகிதம் எடுத்துவரச் சொன்னார். "எழுது. பொழுது போயி துன்னவன் எனக்குப் புள்ள இல்ல. இன்னா துன்னோம்னு கேக்காத துன்னவன் இந்த வாசப்படி ஏற வாணாம். எழுதிட்டியா?" அம்மா குறுக்கே வந்து, "பசியில துன்னுட்டான், இன்னாத்துக்கு இப்படி" என்றாள். "நீ சும்மா இரு" என்றார். நான் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். உன் கைக்கு வந்த அந்தக் கடிதத்தில் இருந்தது நைனாவின் பேச்சு, என் கையெழுத்து. கடைசி மடிப்பில் உனக்கு நான் ஏதாவது எழுதியிருக்கலாம். 'நான்தான் சொன்னேன், மன்னித்துவிடு' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பயந்துகொண்டு எழுதாமல் ஒட்டினேன்.

தை மாதம் உன் பதில் வந்தது. நைனா சொன்னபடியே இனி நடந்துகொள்கிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஏழெட்டு வரி. நைனா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். கோபம் இறங்கிவிட்டது. "லீவுக்கு வரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதவில்லை நீ. திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். வெறும் நீலம்.

மாசியில் தந்தி வந்தது.

நீ நிமோனியாவில் போய்விட்டாய் என்று போட்டிருந்தார்கள். குளிர் தேசம், வந்துவிட்டது, நம் கையில் என்ன இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. இன்று மதியம் வரை.

நான் சொல்லாமல் விட்ட நான்கு வரிகள் இவைதான். ஜனவரியிலிருந்து அவன் ஒருவேளைதான் சாப்பிட்டான். வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிட்டால் அதுவும் கிடையாது. காய்ச்சலில் படுத்திருந்தபோது மாலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலைக்கூடக் குடிக்கவில்லை. வீட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான்.

உன் மடிப்பு ஏன் காலியாக இருந்தது? என் மேல் கோபத்திலா, எழுதத் தெம்பில்லாமலா? மதியத்திலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எது உண்மையாக இருந்தால் எனக்குத் தேவலை என்றுகூடத் தெரியவில்லை.

நான் படித்து முடித்ததும் நைனா கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். "கடுதாசி பெருசா இருக்குது, நீ சுருக்கா முடிச்சிட்டே. ஒரு தபா கேட்டது பத்தல எனக்கு. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு மேல்சித்தாமூர் போயி அண்ணங்கிட்ட நிதானமாப் படிக்கச் சொல்லிக் கேக்குறேன்" என்றார். பெரியப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஒரு வரியும் விடமாட்டார்.

எனக்குப் பயம் அடி வாங்குவதைப் பற்றி இல்லை. முதலில் அதுதான் பயமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சாயங்காலம் நைனா சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் கையைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருக்கிறது. தந்தி வந்ததிலிருந்து பாதிச் சாப்பாடுதான். சூரியன் கிளம்புவதற்கு முன் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பது உனக்குத் தெரியும். முதல் பஸ்ஸுக்கு வெறும் வயிற்றோடுதான் போவார். அந்த நான்கு வரிகளையும் வெறும் வயிற்றோடு கேட்பார். பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே நம் சமண மடம். நேராகப் போய்ச் சாமி முன்னால் நின்று, இனி எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று விரதம் எடுத்துவிடுவார். அவர் எடுத்தால் விடமாட்டார். நீயும் விடவில்லையே.

கொஞ்ச நேரத்துக்கு முன் ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். காகிதத்தின் ஓரம் பழுப்பாகிற வரை பிடித்திருந்தேன். பிறகு இழுத்துக்கொண்டேன். இதை எரித்தால் நீ பாலைக் குடிக்காமல் படுத்திருந்தது இந்த வீட்டில் யாருக்குமே தெரியாமல் போய்விடும். எனக்கு மட்டும் தெரியும். இன்னொரு தடவை உன்னைப் பற்றி ஒன்றை நான் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லாதே. என்னால் முடியவில்லை.

கடிதம் இப்போது இந்த நோட்டுக்குள் இருக்கிறது. விடியும் முன் நைனா சட்டைப்பையைத் தடவுவார். கத்துவார். வீடு முழுக்கத் தேடச் சொல்வார். தேடட்டும். பஸ் போய்விடும். வெளிச்சம் வந்துவிடும். அம்மாவிடம் சொல்லி இட்லி ஊற்றச் சொல்லப் போகிறேன். அவர் தட்டுக்கு முன்னால் நான் உட்காருவேன். கடிதம் என்னிடம்தான் இருக்கிறது, நான்கு வரி படிக்கவில்லை, நைனா சாப்பிட்டால்தான் படிப்பேன் என்று சொல்வேன். உன் மடிப்பு யாருக்கும் படித்துக் காட்டக் கூடாதது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். உன்னைப் பட்டினி போட்டது அவருடைய கடிதம் மட்டும் அல்ல, என் வாயும்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கோபப்பட எதிரில் ஓர் ஆள் இருந்தால் அவர் தன் மேல் மட்டும் கோபப்பட மாட்டார். என்னை அடிக்கக் கை ஓங்குவதற்காவது அவருக்குத் தெம்பு வேண்டும்.

தெருக்கோடியில் சேவல் கூவிவிட்டது. சொல்ல வேண்டியதை இப்போதே மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மொதல்ல சாப்புடு நைனா." குரல் வரவில்லை.

இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

பத்மா