இறால் கோதுத் துளிமருந்துக்குத் தந்த சான்றிதழை மீளப் பெறுங்கள்

அனுப்புபவர்:
கனகசபை கதிரவேல்,
பாடசாலை ஆய்வுகூட உதவியாளர்,
பாலையூற்று, திருகோணமலை.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
திருகோணமலை மாவட்டம்.

விடயம்: எனக்கு எதிராக நானே செய்யும் முறைப்பாடு. ‘நனோ சீந்தில் துளி’க்கு வழங்கப்பட்ட பாராட்டுச் சான்றிதழை இரத்துச் செய்து, நோயாளி ஒருவருக்கு முத்திரையிட்ட கடிதம் அனுப்பக் கோருதல்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் மேசைக்கு வரும் முறைப்பாடுகளில் வேலியைத் தள்ளிப் போட்ட அயலவர் இருப்பார், நிவாரண அட்டையில் பெயர் விடுபட்டவர் இருப்பார். குற்றம் செய்தவனும் முறையிடுபவனும் ஒரே ஆளாக இருக்கும் மனு இதுவே முதலாவதாக இருக்கலாம். எதிராளியை நான் ஐம்பத்து நான்கு வருடங்களாக அறிவேன். கெட்டவன் அல்லன். யாராவது பாராட்டினால் மட்டும் அவனுக்குத் தலைகால் தெரியாது.

2. நான் நகரத்துப் பாடசாலை ஒன்றில் இருபத்தேழு வருடங்களாகச் சோதனைக் குழாய் கழுவி வருகிறேன். சென்ற வருடம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில் நனோத் துகள்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். தலைமயிரின் தடிப்பை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவுள்ள துகள்களுக்குள் மூலிகைச் சாற்றை அடைத்துக் கொடுத்தால், அது வயிற்றில் வீணாகாமல் உடலிற் சேர்ந்து நோய் எதிர்ப்புச் சக்திக்கு உதவுமா என்று வெளிநாடுகளில் பரிசோதிக்கிறார்களாம். பரிசோதிக்கிறார்கள் என்றுதான் எழுதியிருந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் வாசித்தேன்.

3. இறால் கோதிலிருந்து அத்தகைய துகள் செய்யலாம் என்றும் அக்கட்டுரையில் இருந்தது. திருகோணமலையில் இறால் கோதுக்குப் பஞ்சமா? கிண்ணியாவில் இறால் வியாபாரம் செய்யும் நண்பர் ஸைனுலாப்தீன் சாக்கு சாக்காகக் கொடுத்தார். இறால் பதப்படுத்தப் பாவிக்கும் உப்பிலும் ஒரு பொதி தந்தார். கோதை அமிலத்தில் ஊறவைத்து, கோஸ்டிக் சோடாவில் அவித்து, வினாகிரியில் கரைத்து, சீந்தில் கொடிச் சாற்றைச் சேர்த்து, அந்த உப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கலக்கினேன். நாற்றம் தாங்காமல் என் மனைவி வள்ளிநாயகி இரண்டு கிழமை தங்கை வீட்டிலிருந்து சமைத்து அனுப்பினார். கடைசியில் கிடைத்தது இலேசான நீலம் பாய்ந்த கலங்கல் தண்ணீர். அதற்குள் இருந்தவை நனோத் துகள்களா, வெறும் கோதுத் தூளா என்று பார்க்க என்னிடம் கருவி கிடையாது. எங்கள் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோல் தெரியும்.

4. ஆகவே நான் ரோர்ச் லைற்றை நம்பினேன். போத்தலுக்குள் ஒளியைப் பாய்ச்சினால் நீருக்குள் வெளிச்சக் கோடு ஒன்று துலங்கும். நுண்துகள் இருப்பதற்கு அது அடையாளம். தங்கள் செயலகம் நடத்திய புத்தாக்கக் கண்காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் ஏதோ சந்தேகம் தட்ட, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாலை விட்டு அதே ரோர்ச்சை அடித்துப் பார்த்தேன். அதே கோடு தெரிந்தது. உண்மையைச் சொன்னால் என்னுடையதை விட அழகாகத் தெரிந்தது. கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுநாள் போத்தலை மட்டும் கொண்டு போனேன். இம்மனுவில் நான் ஒப்புக்கொள்ளும் முதற் குற்றம் இதுவே.

5. கண்காட்சியில் மண்டபத்தின் விளக்கை அணைத்து ரோர்ச்சை அடித்ததும் சனம் ஆவென்று பார்த்தது. கண்காட்சிக் குழுவினர் கேள்வி எதுவும் கேட்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசியவனிடம் யார் எதைக் கேட்க முடியும்? ‘புத்தாக்க மூலிகை மருந்து’ என்று மூன்று மொழியிலும் எழுதி, வட்ட முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் தந்தார்கள். அன்று தொடக்கம் எங்கள் வீட்டு ஒழுங்கையில் என்னை டொக்டர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். முதல்முறை மறுத்தேன். இரண்டாம் முறை தொண்டையைச் செருமினேன். மூன்றாம் முறை திரும்பிப் பார்த்தேன்.

6. கேட்டவர்களுக்கெல்லாம் துளியைப் போத்தலில் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நாலு பேராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

7. முத்திரையின் வல்லமையை நான் நேரிலும் கண்டேன். ஒருநாள் கோஸ்டிக் சோடாப் பையுடன் கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகுக்குக் காத்திருந்தபோது சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்கள். இந்தக் காலத்தில் வெள்ளைத் தூள் கொண்டு திரிபவனை மறிக்காமல் வேறு யாரை மறிப்பது? ஒரு மணித்தியாலம் என் வாய் சொன்ன விளக்கம் ஒன்றும் எடுபடவில்லை. சான்றிதழின் பிரதியை நீட்டியதும் போகச் சொன்னார்கள். இருபத்தைந்து வருடச் சண்டையில் எங்கள் சனம் படித்த பாடம் இதுதான் ஐயா. ஆளின் வாயை நம்பாதே, தாளை நம்பு.

8. இனி இம்மனுவின் காரணத்துக்கு வருகிறேன். என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் யோகமலர் என்பவர் இருக்கிறார். இரண்டாயிரத்து ஆறில் வெருகல் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, அங்குமிங்கும் அலைந்து, இப்போது தமக்கை சீதேவியோடு வாழ்கிறார். அவருக்குக் காசநோய். ஆறு மாதம் விடாமல் குளிசை எடுக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மூன்று மாதமும் சில நாளும் ஒழுங்காக எடுத்தார். இருமல் நின்றது, உடம்பும் கொஞ்சம் தேறியது. அந்த நேரம் பார்த்து என் துளியைக் குடிக்கத் தொடங்கினார். ஜனவரி ஐந்தாந் திகதியுடன் குளிசையை நிறுத்திவிட்டார். இன்றுடன் முப்பத்தொன்பது நாள்.

9. இதை எனக்கு அறிவித்தவர் குளிசை கொடுக்க வீடு வீடாகப் போகும் பூரணி என்ற உத்தியோகத்தர். என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் களைத்துப்போய்க் கதிரையில் இருந்துகொண்டு, “மாஸ்டர், இருமல் நிண்டது எங்கட குளிசையால. பேர் வாங்கினது உங்கட தண்ணி. ரெண்டு மாசம் விட்டாவெண்டால் முதலில இருந்து தொடங்கவேணும். அப்ப இந்தக் குளிசை கேக்குமோ எண்டும் சொல்லேலாது” என்றார்.

10. அதன்பின் என்னால் இயன்றதெல்லாம் செய்தேன். துளி கொடுப்பதை நிறுத்தினேன். யோகமலர் அயலில் மிச்சமிருந்த போத்தல்களை வாங்கித் தண்ணீர் கலந்து பெருக்கிக்கொண்டார். இது மருந்தல்ல என்றேன். பெரிய மனிதர்கள் தம்மைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள் என்றார். என்னிடமிருந்த கடைசிப் போத்தல்களை அவர் கண்முன் வாழையடியில் ஊற்றினேன். கொழும்பிலிருந்து யாரோ சூத்திரத்தைக் கேட்டு என்னை வெருட்டுவதாக மறுநாள் ஒழுங்கையில் கதை உலாவியது. இறுதியில் வெட்கத்தை விட்டு, பாலையும் ரோர்ச்சையும் கொண்டுபோய் என் களவை அவருக்கே செய்து காட்டினேன். அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துவிட்டு, துளி புளிக்கிறது, இனிமேல் பாலிலேயே செய்து தர ஏலாதா என்று கேட்டார்.

11. நான் விடவில்லை. நான் சொல்வதை ஏன் நம்புகிறீர்கள் இல்லை என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். என் சான்றிதழின் பிரதி, லமினேற் செய்யப்பட்டு, சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. “நீங்கள் சொல்லுறது உங்கட வாய்க் கதை மாஸ்டர். இது அரசாங்கம் சீல் குத்தித் தந்தது. பிழையெண்டால் அவையெல்லோ சொல்லவேணும்” என்றார். அவர் சொல்வதில் நான் குறை காணவில்லை. துறையில் நான் தப்பியதும் அதே நியாயத்தால்தானே.

12. பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி பொய்யல்ல என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். முறையான ஆய்வுகூடத்தில், முறையாகப் படித்தவர்கள், முறையாகப் பரிசோதித்து ஒருநாள் அதைச் செய்யக்கூடும். பொய் நான்தான். சீந்திலையும் இறாலையும் இதில் சம்பந்தப்படுத்த வேண்டாம்.

13. ஆகவே பின்வருவனவற்றைத் தயவுடன் வேண்டுகிறேன்.

(அ) எனது சான்றிதழை இரத்துச் செய்தல். மூலப் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றும்போது ஒரு மூலை கிழிந்துவிட்டது, மன்னிக்கவும்.

(ஆ) யோகமலர் அவர்களின் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்புதல். கதிரவேலின் துளி எந்த நோய்க்கும் மருந்தல்ல என்றும், கிளினிக் குளிசையை உடனே மீண்டும் தொடங்கவேண்டும் என்றும் அதில் இருக்கவேண்டும். என்னைப் பற்றி எவ்வளவு கடுமையாக எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முத்திரை மட்டும் மங்காமல் விழவேண்டும்.

(இ) அதே கடிதத்தைக் கிராம சேவகர் மூலம் ஒழுங்கையில் வாசிக்கச் செய்தல். நானும் வந்து நிற்பேன்.

14. இம்மனுவை வாசித்துப் பார்த்த என் மனைவி, முப்பது வருடக் கலியாண வாழ்க்கையில் நான் பிழையென்று எழுத்தில் தந்தது இதுதான் முதல்தரம் என்பதால், தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்கிறார். அதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

15. ஐயா, வழமையான மனுக்கள் போல இதையும் வரிசையில் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கடந்த கிழமை தொடக்கம் சீதேவியின் ஏழு வயது மகள் இருமுகிறாள். இரவில் சித்தியோடு ஒரே பாயில் படுக்கும் பிள்ளை. நேற்றுப் பின்னேரம் யோகமலர் அவளுக்குத் தலை இழுத்து, நல்ல சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். போனது கிளினிக்குக்கு அல்ல. என்னிடம்தான் கூட்டி வந்தார். அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டு போகச் சொல்லி நான் அழுதேன். என்னிடம் துளி முடிந்துவிட்டதால் அழுகிறேன் என்று எண்ணி, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

அந்த நாளை இன்றுதான். தாங்கள் கையொப்பமிட்டுத் தரும்வரை தங்கள் காரியாலய வாசலிலேயே காத்திருக்கிறேன்.

இங்ஙனம், தங்கள் பணிவுள்ள,
க. கதிரவேல்

திகதி: 13.02.2008
இடம்: திருகோணமலை