நான்காவது சி.ஆர்.ஓ.

திங்கள், ஐப்பசி 11

காலையிலிருந்து தூறல். பொன்னமராவதி பஸ் தாமதம். புடவை ஓரமெல்லாம் சேறு.

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. நான்கில், கல்லூரி லேபில் மிச்சமிருந்த ஒன்றும் போய்விட்டது. ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, திரையில் பச்சைக் கோடுதான் இல்லை. துறைத் தலைவர், எங்கள் எச்.ஓ.டி., எட்டிப் பார்த்தார். "கழிச்சுக் கட்டுற கண்டம் பட்டியல்ல சேத்துருங்கம்மா. வெள்ளிக்கெழமை பழைய இரும்புக்காரரு வாராரு."

திறந்து பார்க்கட்டுமா என்றேன். சிரித்தார். "தொடச்சு வைக்கிறதுதாம்மா ஒங்க வேலை."

பதினாறு வருடமாகத் துடைக்கிறேன். டிப்ளமோ படித்தது அதற்கா? இதுவும் போனால் பிள்ளைகள் மின் அலையைக் கரும்பலகையில்தான் பார்க்க வேண்டும். விடமாட்டேன்.

செவ்வாய்

கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். இன்றும் மறதி.

மதியம் லேப் காலி. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்க ஒரு மணி நேரம் காத்திருப்பு. திருகுகள் பதினாலு, ஒன்று வழுக்கல். உள்ளே பல்லி முட்டை, தூசி. ஃபியூஸ் சரி. ஹை வோல்டேஜ் பக்கம் பயம். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பார்த்தேன். முழுக்கப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து இவர் போன். "ஷாக் கீக் அடிச்சுறப் போகுது. ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" தினமும் கிரேன் மேல் ஏறுகிற மனுஷன் கேட்கிற கேள்வி!

புதன்

மழை விட்டது. கட்டுமாவடி சங்கரா மீன் வாங்கி, கழுவ நேரமில்லாமல் ஃப்ரிட்ஜில்.

காரணம் தெரிந்துவிட்டது. எழுதவே கை கூசுகிறது. ஹை வோல்டேஜ் போர்டின் மேல் காய்ந்த மஞ்சள் படலம், நடுவில் குங்குமச் சிவப்பு. நேர் மேலே மூடியின் காற்றுத் துளைகள். ஆயுத பூஜை! வருடா வருடம் எச்.ஓ.டி. மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுப்பது அந்தத் துளைகள் மேல்தான். கரைத்துக் கொடுப்பது நான். "தண்ணியா இருக்கட்டும்மா, அப்பத்தான் நல்லா இழுக்க வரும்" என்பார். வழிந்து உள்ளே இறங்கி, அது வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது.

முந்தைய மூன்று சி.ஆர்.ஓ.வும் ஆயுத பூஜை முடிந்த கையோடுதான் செத்தன. மூன்றுக்கும், திறந்துகூடப் பார்க்காமல், கையெழுத்துப் போட்டு அனுப்பியவள் நான். அழுகை வந்தது. அழுதேன்.

வியாழன்

ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ், பஞ்சு. கருகிய ரெசிஸ்டர் ஒன்று மாற்றினேன். போர்டை வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தேன்.

மூன்றரைக்கு ஸ்விட்ச். ஒன்றுமில்லை. பிரைட்னெஸ் குமிழைத் தொட்டுக்கூடப் பார்க்காதது அப்புறம்தான் உறைத்தது. திருப்பினேன். கோடு! பச்சையாக, நேராக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

எச்.ஓ.டி. வந்து பார்த்தார். "எத்தன நாளைக்கு ஓடும்னு நெனக்கிறீங்க? பட்டியல் டைப் ஆயிருச்சும்மா. கையெழுத்துப் போட்டுருங்க."

போடவில்லை.

வெள்ளி

நல்ல வெயில். வாசலில் இரும்புக்காரர் வேன். எச்.ஓ.டி. தாளை நீட்டினார். வாங்கி, சி.ஆர்.ஓ. வரியைக் கோடு போட்டு அடித்தேன். பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: "பூஜைச் சந்தனம். கரைத்தவள்: நான். பூசியவர்: துறைத் தலைவர். முந்தைய மூன்றுக்கும் இதே காரணமாக இருக்கலாம். இது சரிசெய்யப்பட்டது." கீழே கையெழுத்து.

படித்தார். முகம் சிவந்தது. "என்னம்மா இது, சாமி காரியத்தப் போயி..."

"அடுத்த வருசம் மேசைக்குப் பூசுங்க சார். நான் கெட்டியாவே கரைச்சுத் தாரேன்."

இரண்டாம் வருடத்துப் பிள்ளைகள் லேபில் காத்திருந்தார்கள். போய் ஸ்விட்சைப் போட்டேன்.