முரளி கொண்டுபோன சாவி

வெள்ளி, இரவு

போன வாரம் பெங்களூர் திரும்பும்போது என் மகன் முரளி, என் பழைய காரின் இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட் தூணில் ஒரு முறை உரசிவிட்டேனாம், இனி ஓட்டக்கூடாதாம்.

இன்று ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து சாவிக்காரர் சுரேஷை வரவழைத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரைப் பார்த்த பிறகே புதுச் சாவி வெட்டினார். வண்டி அடையாளம் கண்டு கிளம்புவதற்காக, சாவிக்குள் இருக்கும் சிப்பைக் காரில் பதிவு செய்யும்போது கேட்டார்:

"டீச்சரே, பழைய சாவி ரெண்டும் வண்டிக்கு ஓர்மையில இருக்கு. அழிச்சிரட்டா?"

"வண்டி ஞாபகத்துல அது எதுக்கு? அழிச்சிருங்கோ."

"மோன் அறிஞ்சா என்னையல்லா திட்டுவாரு!"

"என்னைத்தான் திட்டுவான். நீங்க அழிங்கோ."

பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்ட பையன் வகுப்பில் வந்து உட்காரலாம். அவன் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள். முரளியின் சாவியும் இனி அப்படித்தான். கதவைத் திறக்கும், வண்டி கிளம்பாது.

சாயங்காலம் போன் செய்தான். "சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கும்மா."

"நீயே வெச்சுக்கோடா. நான் நாளைக்கு விழிஞ்ஞம் கடற்கரை வரைக்கும் ஓட்டிண்டு போயிட்டு வரேன்."

"எப்படிம்மா?" என்றான்.

நான் விளக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் விளக்கியாகிவிட்டது.

காலையில் அந்தத் தூணருகே மட்டும் கொஞ்சம் பார்த்துத் திருப்ப வேண்டும்.