எருக்கலம்பிட்டி முடிச்சு

லண்டன்,
12.05.1991

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

புத்தளம் முகாமில் உங்கள் நெஞ்சுவலி எப்படி? உம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் காவல் நிற்கும் நூதனசாலையில் பழங்கால அரபு மாலுமிகளின் கருவிகளை வைத்திருக்கிறார்கள். நடுவில், நீங்கள் கடலில் நட்சத்திரம் பார்த்து ஊர் பிடித்த நம் இராப்பலகை! இதைப் பாவித்தவர் எவரும் உயிரோடில்லை என்றார் பொறுப்பான அம்மையார். என் வாப்பா இருக்கிறார் என்றேன். உடனே ஒரு மாதிரிப் பலகையைத் தந்து செய்துகாட்டச் சொன்னார்கள். ஊருக்கு ஓர் அளவென்று நீங்கள் பழக்கியபடி, பலகையின் நூலில் நம் எருக்கலம்பிட்டிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அதைப் பல்லில் கடித்தேன். பலகையின் மேல்விளிம்பில் வடவெள்ளி நட்சத்திரமும் கீழ்விளிம்பில் கடலும் தொட்டால் ஊர் நேரே என்றேன். சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தார்கள்.

கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பாலேந்திரா கேட்டான்: "அங்க இப்ப உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"ஒருத்தருமில்ல. போன வருஷம் இயக்கக்காரங்க முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் துரத்திப்போட்டாங்க."

அதை அவன் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். மறுநாள் என் பலகை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்தில் புதிய அட்டை: ‘மறைந்துபோன ஊர் ஒன்றின் முடிச்சு.’

வாப்பா, புத்தளத்துக்கு முடிச்சை எந்த அளவில் போடுவது? மறக்காமல் எழுதுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அந்த அட்டைக்குத்தான் இப்போது நான் காவல்.

உங்கள் மகன்,
நிஸ்தார்