காய்ச்சல் மாத்திரை என் பையில்

என்னங்க,

கஞ்சி ஹாட்பாக்ஸில் இருக்கிறது, ஊறுகாய் வேண்டாம். மாடி வீட்டு சபீனா வந்து காய்ச்சல் பார்ப்பாள், கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதீர்கள்.

மாத்திரை அட்டையைத் தேடாதீர்கள், நான் எடுத்துப் போகிறேன். தெர்மாமீட்டர் வைக்கும் முன் ஒன்றை விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் கீறேன்" என்று அவளிடமும் சொல்வீர்கள். காலையில் நான் கத்தியது அதற்குத்தான்.

நாகம்மா

பி.கு. காய்ச்சல் என்றால் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் அந்தப் புது ஊசியை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிடுவார்கள் என்றுதானே மறைத்தீர்கள்? நேற்றே நிறுத்திவிட்டார்கள். எலும்பு மஜ்ஜைப் புற்று மறுபடி ஏறுகிறதாம். அந்த ஊசி முக்கால்வாசிப் பேருக்குக் கேட்கும் என்று டாக்டர் சொன்னது, உங்களைவிடத் தெம்பானவர்களை வைத்துப் பார்த்த கணக்காம். முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஊசிக்கு நாள் கேட்க அல்ல, வலி மருந்து வாங்கத்தான் ஆவடிக்குப் போகிறேன். உடம்பு சுட்டால் இனி தைரியமாகச் சொல்லுங்கள்.